பெயரில்லாத படங்கள்: தஞ்சை ஆடற்குடும்பங்களும் ஒளிப்படக் கருவியும்

காவிரிப் படுகையின் கோயிலூர்களில் ஆடலையும் பாடலையும் தொழிலாகக் கொண்டு, தாய்வழியே சொத்தையும் கலையையும் காத்துவந்த குடும்பங்களை, அந்த ஊர்களை ஒருநாளும் கண்டிராத வெளிநாட்டார் பலர் அறிந்தது ஒளிப்படங்களின் வழியாகத்தான். தேவரடியார், தாசி என்றெல்லாம் வழங்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டில் இசை வேளாளர் என்னும் பெயரை ஏற்ற சமூகத்தின் பெண்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஒளிப்பட நிலையங்களில் நிறுத்தப்பட்டு, ‘நாட்டியப் பெண்கள்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தலைப்போடு அஞ்சலட்டைகளாகவும் தொகுப்பேடுகளாகவும் கடல் கடந்தார்கள். அந்தப் படங்களில் பட்டும் நகையும் தெளிவாகத் தெரிந்தன, குடும்பம் தெரியவில்லை.

இத்தனைக்கும் இவர்களைப் பற்றிய பதிவு தஞ்சைக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் பெரிய கோயிலுக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்கள் 400 பேரைப் பற்றிய கல்வெட்டு, ஒவ்வொருத்தியின் பெயரையும், அவள் வந்த ஊரையும், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுடையது என்பதையும் வரிசையாகச் சொல்கிறது. ஒருத்திக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று வகுத்ததோடு, பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுச் சென்றாலோ அவருக்கு நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஆகவே ஏறத்தாழ 1014-இல் வெட்டப்பட்ட கல், ஆடுபவளை உறவும் முகவரியும் உள்ளவளாகவே கண்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து வந்த கருவிக்கு அந்த விவரங்கள் தேவைப்படவில்லை.

சென்னை அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லினேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி 1858-இல் பெரிய கோயிலைப் படமெடுத்தபோது, விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள எழுத்துகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். கல்லுக்குக் காட்டிய அந்தப் பொறுமை மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தஞ்சைப் படங்களில் ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. அக்காலக் கருவிகள் ஒளியைப் பதிவு செய்ய நெடுநேரம் எடுத்துக்கொண்டதால், அசைபவர் மங்கிப்போவார் அல்லது மறைந்தேபோவார் என்பது இதற்கு ஒரு காரணம். மனிதரைப் படமாக்க விரும்பியவர்கள் அவர்களை அசையாமல் நிறுத்த வேண்டியிருந்தது; ஆடற்கலைஞரை அசையாமல் நிறுத்தினால் எஞ்சுவது உடையும் நகையும் முகமும்தானே.

ஒளிப்பட நிலையங்களில் எடுத்த குழுப்படங்களில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது: முன்னால் பெண்கள், பின்னால் தாளமும் மத்தளமும் துத்தியும் ஏந்திய ஆண்கள். துத்தி என்பது சுருதிக்காக ஊதப்படும் காற்றுப்பை. நாகசுரக் குழுவைப் பெரிய மேளம் என்றும் ஆடற்குழுவைச் சின்ன மேளம் என்றும் தஞ்சை வட்டாரத்தார் பிரித்துச் சொல்வதுண்டு. சின்ன மேளத்தில் இசைப்பவர்கள் ஆடுபவளின் பின்னே நின்று, அவள் முன்னேறும்போது முன்னேறி, பின்வாங்கும்போது பின்வாங்கி வாசித்தார்கள் என்பதை அறிந்தவருக்கு அப்படம் ஒரு தொழில்முறை வரிசை. அந்த ஆண்களில் நட்டுவனாரும் முழவு வாசிப்பவரும் பெரும்பாலும் அதே சமூகத்தார், பலவேளை ஆடுபவளின் மாமனோ அண்ணனோ தம்பியோ என்பது தெரிந்தால் அது ஒரு குடும்பப் படமாகவும் ஆகிவிடும். இரண்டும் தெரியாத வெளிநாட்டு வாசகருக்கு அது கீழை நாட்டுக் கேளிக்கையின் காட்சி மட்டுமே.

படத்துக்கு வெளியே நின்ற வாழ்க்கை மிகச் சிக்கலானது. தஞ்சைப் பகுதிக் குடும்பங்களை ஆராய்ந்து அம்ரித் சீனிவாசன் 1985-இல் வெளியிட்ட கட்டுரை காட்டுவதுபோல, இவ்வீடுகளில் மூத்த பெண்ணே தலைமை வகித்தாள். பொட்டுக்கட்டிய மகள்கள், அதாவது இறைவனுக்கு மணமானவர்களாகக் கருதப்பட்டவர்கள், பிறந்த வீட்டிலேயே தங்கினார்கள். மகன்களுக்கோ வழக்கமான திருமணம் நடந்து, வந்த மருமகள்கள் வீட்டு வேலையைக் கவனித்தார்கள். அந்த மருமகள்களை எந்த அஞ்சலட்டையும் கண்டுகொள்ளவில்லை.

குடும்ப அமைப்பால் வேறுபட்ட ஒரு சமயக்குழு படத்தின் வழியே மதிப்பிடப்பட்டதற்கு, அமெரிக்காவின் யூட்டா பகுதியில் குடியேறிய மார்மன்கள் நெருக்கமான இணை. 1852-இல் வெளிப்படையாக அறிவித்து, 1890-இல் அவர்களுடைய திருச்சபை கைவிட்ட பலமனைவி முறையின் காலத்தில், தலைவர் பிரிகாம் யங்கை நடுவில் வைத்து மனைவியரின் முகங்களைச் சுற்றிலும் ஒட்டிய அட்டைகள் வேடிக்கைப் பொருளாக விற்றன. ஆனால் 1953 சூலையில், பிரிந்துபோய் அம்முறையைத் தொடர்ந்த குழுவினர் வாழ்ந்த ஷார்ட் கிரீக் என்ற ஊரில் அரிசோனா அரசு நடத்திய சோதனையின்போது, அதிகாரிகளே உடன் அழைத்துச் சென்ற செய்தியாளர்கள் எடுத்த படங்களில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் தெரியவே, மக்களின் மனம் அரசுக்கு எதிராகத் திரும்பியது. கருவி வாசற்படியைத் தாண்டிய அத்தகைய தருணம் தஞ்சைக் குடும்பங்களுக்கு வாய்க்கவில்லை.

அதனால் வெளியார் பார்வை முற்றிலும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இசை வேளாளர் சமூகத்துக்குள்ளிருந்தே பொட்டுக்கட்டும் முறையின் கொடுமைகளை எதிர்த்தவர். 1936-இல் வெளியான அவருடைய ‘தாசிகள் மோசவலை’ நாவல், மினுங்கும் அட்டைப் படங்கள் மறைத்த வஞ்சகத்தையும் பணப்பேரத்தையும் விரித்தது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் அம்முறையைத் தடைசெய்யும் சட்ட முயற்சியை எதிர்த்துத் தம் கலையையும் உரிமையையும் எடுத்துரைத்தார்கள். இரு தரப்பிலும் பெண்கள் எழுத்தாலும் மனுவாலும் வாதாடினார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

இதற்கிடையே இசைத்தட்டு வணிகம் வேறொரு படத்தைப் பரப்பியிருந்தது. இச்சமூகப் பாடகியரைச் சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்று ஊரும் பேரும் சேர்த்து அறிவித்தால்தான் தட்டு விற்கும் என்பதால், விளம்பரத்துக்கு வந்த பாடகி பெயரோடு வந்தாள். அறநோக்கம் செய்யாததைச் சந்தை செய்தது என்பது சற்று வேடிக்கைதான்.

தஞ்சை அரசவைக் கலைஞர் மரபில் வந்த வீணை தனம்மாளின் பேத்தியான ஆடற்கலைஞர் பாலசரசுவதி 1962-இல் அமெரிக்க மேடைகளுக்குச் சென்றபோது, மிருதங்கம் வாசித்தவர் தம்பி ரங்கநாதன், குழலிசைத்தவர் தம்பி விசுவநாதன். தாய்நாட்டில் அவருடைய ஆடலுக்குப் பாடியவர் தாய் செயம்மாள். பழைய அஞ்சலட்டையில் பின்வரிசையில் நின்றதும் இதே உறவுகள்தாம். இப்போது அவர்கள் மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்கள், நிகழ்ச்சித் தாளில் அவர்களுடைய பெயர்களும் அச்சாகியிருந்தன.