பழைய பிராசசருக்கு இரண்டாம் காலம்

இண்டெல் நிறுவனம் 2011 ஜனவரியில் கொண்டுவந்த ஐ5-2500கே பிராசசருக்கு அறிவித்த வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். வாங்கியவர்களில் பலர் அதை 4.2, 4.4 என்று ஏற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். சிப்பில் அவர்கள் எதையும் மாற்றவில்லை. அந்த உபரி வேகம் முதலிலிருந்தே சிலிக்கானுக்குள் இருந்தது. அதை வெளியே கொண்டுவருவதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர். இப்படியொரு பழைய டெஸ்க்டாப் வீட்டில் சும்மா கிடந்தால், இந்தக் கலையைப் பழக அதுவே போதும்.

பிராசசருக்குள் எல்லா வேலையும் ஒரு கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. 3.3 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 330 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.3 நானோநொடிதான். அதற்குள் சிக்னல் பல டிரான்சிஸ்டர்களைத் தாண்டிப் போய், 0 அல்லது 1 என்று நிலைகொண்டுவிட வேண்டும். சிப்புக்குள் எத்தனையோ பாதைகள். அவற்றில் மிக மெதுவான பாதைதான் மொத்தச் சிப்பின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். எளிய இடங்கள் எந்த வேகத்திலும் வந்துவிடும். தொண்டை தடுமாறுகிற அந்த ஒரு பிடிதான் எவ்வளவு வேகமாகப் பாடலாம் என்பதைச் சொல்லும். 4.4 கிகாஹெர்ட்ஸில் இடைவெளி 0.23 நானோநொடியாகச் சுருங்குகிறது. மெதுவான பாதை அதற்குள் முடியாவிட்டால், அரைகுறை விடை அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் தொழிற்சாலையே 4.4 என்று விற்றிருக்கலாமே? ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. தூசி அடைத்த பெட்டியில், வெக்கையான அறையில், பல ஆண்டு உழைத்த பிறகும் ஓட வேண்டும் என்பதற்காகத் தாராளமாக இடம்விட்டே வேகத்தைக் குறிக்கிறார்கள். சில சமயம் விற்பனைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 1998-இல் வந்த செலரான் 300ஏ அதற்குப் பேர்போன உதாரணம். அதன் 300 மெகாஹெர்ட்ஸ் என்பது, சிப்பை மற்ற பாகங்களோடு இணைக்கும் பாதையான பஸ்ஸின் 66 மெகாஹெர்ட்ஸ் வேகத்தைப்போல் 4.5 மடங்கு. மதர்போர்டில் பஸ்ஸை 100 ஆக்கினால் நேராக 450. மலிவு விலைச் சிப் ஒன்று, அன்றைய உயர்விலை பென்டியம் 2-க்குச் சமமாக ஓடியது. ஓவர்கிளாக்கிங் பரவலாக வேரூன்றியதில் அந்தச் சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

2500கே-யில் வழி இன்னும் எளிது. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 33. பெயரின் கடைசியில் உள்ள 'கே' மல்டிப்ளையருக்குப் பூட்டு இல்லை என்பதைக் குறிக்கிறது. ஆனால் மதர்போர்டும் இடம்கொடுக்க வேண்டும்: பி67, இசட்68 சிப்செட் என்றால் சரி, எச்61 என்றால் நடக்காது. அடிப்படைக் கடிகாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இந்தத் தலைமுறையில் ஹார்ட் டிஸ்க் இணைப்பும் அதே கடிகாரத்தை நம்பியிருக்கிறது.

இந்த மாற்றத்தைச் செய்கிற மதர்போர்டின் அமைப்புத் திரைதான் பயாஸ். அதைத் திறப்பதற்கு முன் சிபியு பெட்டியைத் திறந்துவிடுங்கள். தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். கூடவே வந்த சின்ன ஃபேன் போதாது. உயரமான ஹீட்சிங்க் ஒன்று தேவை. முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். இதைச் சடங்காகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றுபோனால் அது நேர்மையான தோல்வி. நிற்காமல் ஓடிக்கொண்டே தவறாகக் கணக்குப் போட்டு, அதை உங்கள் புகைப்படங்களுக்குள் எழுதிவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

அதனால்தான் ஒவ்வொரு படியிலும் சோதனை. மல்டிப்ளையரை முதலில் 38 ஆக்கிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சோதிக்க பிரைம்95 நல்ல கருவி. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய நிரல் அது. பிரம்மாண்டமான பெருக்கல்களைச் செய்து, ஏற்கெனவே தெரிந்த விடையோடு ஒப்பிடும். ஓர் இலக்கம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பிழை வந்தால் வோல்டேஜைச் சற்றே உயர்த்தலாம். வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டர் சீக்கிரம் மாறும், மெதுவான பாதையும் நேரத்துக்குள் முடியும். அதற்கு விலை வெப்பம். மின்செலவு வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 3.3-லிருந்து 4.4-க்குப் போனால் வேகம் 33 சதவீதம் அதிகம். அதற்காக வோல்டேஜை 1.2-லிருந்து 1.32-க்கு ஏற்றினால் மின்செலவு சுமார் 61 சதவீதம் கூடும். மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் மட்டமானதாக இருந்தால் முதலில் அதுதான் திணறும். வோல்டேஜ் மிகையானால் சிப்புக்குள் உள்ள நுண்ணிய செம்புக் கம்பிகளின் அணுக்களே மெல்ல இடம்பெயரத் தொடங்கும். இந்தச் சிப்பில் 1.35 வோல்ட்டைத் தாண்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

வெப்பம் 80 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். மார்கழியில் 25 டிகிரி இருந்த அறை சித்திரையில் 37 ஆகும்போது, அந்த 12 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே பிராசசரின் மேல் ஏறும். குளிர்மாதத்தில் சோதித்தால் அந்த இடத்தை விட்டுவைத்து நிறுத்த வேண்டும்.

கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லையென்றால் பதற வேண்டாம். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். மல்டிப்ளையர் 44-இல் பிழை வந்து 43 இரவு முழுக்கத் தாங்கினால், 42-இல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும் வோல்டேஜையும் சோதித்த அன்றைய அறை வெப்பத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். பழைய மதர்போர்டின் பேட்டரி என்றாவது ஒருநாள் தீர்ந்துபோகும். அன்று பயாஸ் எல்லாவற்றையும் மறந்திருக்கும்.