கிண்டி நிலையமும் குதிரைத் திடலும்

கற்பிட்டிக் குடாநாட்டிற்குப் புகையிரதம் வந்ததில்லை. 1926 இல் புத்தளம்வரை நீண்ட இருப்புப்பாதை, பாலாவியில் எமக்கு முகங்காட்டிவிட்டு அப்பாற் சென்றுவிட்டது. ஆயினும், சென்னைப் புறநகரிலுள்ள கிண்டி என்னும் சிறு நிலையத்தின் பெயர் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வழங்கிவருகிறது. காரணம் என் பெரியப்பா.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இலங்கையர் தலைமன்னாரிற் கப்பலேறி, அக்கரையில் ‘போட் மெயில்’ பிடித்து எழும்பூர் சேர்வது வழக்கம். தாம்பரத்தைத் தாண்டினால் வண்டி கிண்டி வழியாகத்தான் செல்லும். கருவாட்டு வணிகராகிய பெரியப்பாவும் அவ்வழியே போனவர். சரக்குப் பணம் கைக்கு வந்ததும், எழும்பூரில் மின்சார வண்டி ஏறிக் கிண்டிக்குத் திரும்பிவிடுவார். பந்தயத் திடல் நிலையத்தை ஒட்டியே இருந்தது. 1777 முதல் குதிரைகள் ஓடிய மண் அது. 1931 மே 11 இல் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கியபின், மோட்டார் வைத்திருந்த சீமான்களின் பொழுதுபோக்கு, சில அணாக்களுக்கு எழுதுவினைஞருக்கும் எட்டிற்று. பந்தயத்தைப் புகையிரதம் பிறப்பிக்கவில்லை; ஆனால், தோற்பதற்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது அதுவே என்பேன்.

“போக, வர இரண்டுக்கும் சேர்த்தே சீட்டு வாங்கிவிடு; கிண்டியில் தோற்காத காசு அது ஒன்றுதான்” என்பார் பெரியப்பா. நாங்கள் சிரிப்போம். பெரியம்மா சிரித்து நான் கண்டதில்லை. அவருடைய அட்டியலும் காப்பும் கடல் கடந்து போய்த் திரும்பாதவை.

குதிரைப் பந்தயம் சூதா, திறமையா? நளன் கதை கேட்ட நமக்கு இது பழைய வினா. பரிநூல் வல்லவனான அவனே கவற்றாடலில் நாடிழந்தான். இலங்கையில் 1956 இல் பண்டாரநாயக்க அரசு பந்தயத்தை நிறுத்தியது. கொழும்பு கறுவாத்தோட்டத்துத் திடல் ஓய்ந்தது. (புக்கிக் கடைகள் ஓயவில்லை. உள்ளூர்க் குதிரை நின்றதும் நம்மவர் ஆங்கிலக் குதிரைமேற் பணங்கட்டலாயினர்!) தமிழ்நாட்டில் 1974 இல் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. அதனை எதிர்த்த வழக்கு இருபதாண்டுக்கு மேல் நீண்டு, 1996 இல் உச்ச நீதிமன்றம், பந்தயத்தில் மேலோங்கி நிற்பது திறமையே, அது சூதன்று எனத் தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால், ஓடுவது குதிரையின் திறமை, செலுத்துவது சவாரியாளன் திறமை. பணங்கட்டிய கருவாட்டு வணிகனுக்கு அதில் என்ன பங்கு என்று பெரியம்மா கேட்டிருப்பார்.

1998 இல் திரிசூலத்தில் வண்டியேறி நானும் கிண்டியில் இறங்கினேன். அன்று பந்தய நாள். நிலைய வாயிலில் பந்தயப் புத்தகம் விற்பவரைச் சூழ்ந்து கூட்டம். பென்சிலும் கையுமாய் அவர்கள் ஆழ்ந்திருந்த கோலத்தைப் பரீட்சை மண்டபத்திற்கூட நான் கண்டதில்லை. உள்ளே போகவில்லை, மேடையிலேயே அமர்ந்திருந்தேன். மாலையில் திரும்பியவர்களிடம் அந்தப் புத்தகங்கள் இல்லை. பேச்சும் அதிகமில்லை.

இறுதியில் திடலை மூடியது அறமன்று, வாடகைக் கணக்கு. 1945 இல் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம், ஆண்டுக்கு ஏறத்தாழ 614 ரூபாய்க்கு, 99 ஆண்டுக் குத்தகையாகச் சங்கத்திற்கு விடப்பட்டிருந்தது. வாடகையை உயர்த்திய அரசு, 730 கோடி ரூபாய்க்கு மேல் நிலுவை என்றது. 2024 செப்டெம்பர் 9 இல் திடலுக்கு முத்திரையிட்டது. வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தாங்க அங்கே குளங்கள் வெட்டலாயினர்.

நிலையத்திற்கு இதனால் நட்டமில்லை. 2016 முதல் மெட்ரோவும் அருகே நிற்கிறது. தொழிற்பேட்டைக்குச் செல்வோர் சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கி, குதிரைத் திடலின் பக்கம் திரும்பாமலே நடக்கிறார்கள்.