மின் செல்லும் வழி

கொழும்புத்துறையிலே நாம் ஏற்றும் விளக்கிற்கு மலைநாட்டு இலட்சபானாவின் மின்னும் துணைசெய்கின்றது. அது வரும் கம்பிக்கோ ஓரளவே தாங்கும் வலியுண்டு. அளவு மிஞ்சின் கம்பி சூடேறித் தொய்யும். இதுவே மின்வழி நெரிசல். மின்னழுத்தத்தை இருமடங்காக்கின், அதே ஆற்றலுக்கு மின்னோட்டம் பாதியாகும். கம்பியில் வீணாகும் ஆற்றல் காற்பங்காகும்.

போர்க்காலத்திலே நாட்டின் மின்வலையினின்றும் அறுபட்டுக் கிடந்தது நம் குடாநாடு. 2009இல் போர் ஓய்ந்தபின், கிளிநொச்சி - சுன்னாகம் 132 கிலோவோல்ற்று மின்வழியால் மீண்டும் இணைந்தது. இன்று வீட்டுக்கூரைகளும் மின்னை விளைக்கின்றன. விளைந்ததைக் கொண்டுசெல்ல வழி வேண்டுமன்றோ?

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், உற்பத்தி, செலுத்துகை, பகிர்ந்தளிப்பு ஆகிய பணிகளை வெவ்வேறு நிறுவனங்களிடம் ஒப்புவிக்க வகைசெய்தது. சட்டம் பொறுப்பை வகுக்கும். கம்பியை நீட்டுவன முதலும் உழைப்புமே. ஆதலின் மின்னிலையம் வேண்டும் நாம், மின்வழியையும் உடன் வேண்டுவோமாக.