பீங்கான் சொல்லும் பாதிக் கதை

நிலக்கோட்டைப் பக்கத்து வீடுகளில், எலுமிச்சை ஊறுகாயும் உப்பு நாரத்தங்காயும் போட்டு, வெள்ளைத் துணியால் வாயை வேடு கட்டி, ஈரக்கை படாமல் பாட்டிமார் காத்துவரும் ஜாடியைப் ‘பீங்கான்’ என்று சொல்லும்போது, அச்சொல் பாரசீகத்திலிருந்து வந்தது என்றோ, அதே அடுப்படியில் இருக்கும் சீனியும் சீனச்சட்டியும் வேறொரு தேசத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்றோ ஒருவரும் நினைப்பதில்லை. ஜாடி இந்நாட்டுச் சூளையில் வெந்ததாகவே இருக்கலாம். அதன் பெயரோ கடல் வழியாக நடந்த ஒரு பெரிய வியாபாரத்தின் எச்சம்.

அதைத் தேடிப் போக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. அணைப்பட்டியில் நாம் இறங்கிக் குளிக்கும் வைகை, மதுரையையும் மானாமதுரையையும் கடந்து, இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நிரப்பிக் கடலை நாடுகிறதல்லவா? அந்த ஜில்லாவிலே, மன்னார் வளைகுடாவின் கரையில், பெரியபட்டினம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுப்பராயலுவும், ஜப்பானியச் சரித்திர அறிஞர் நொபொரு கராஷிமாவும் மற்றோரும் அங்கே ஆராய்ந்தபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாக அகப்பட்டன. லுங்சுவான் சூளைகளின் பச்சை மெருகுப் பாத்திரங்களும், பூஜியான் மாகாணத்து வெள்ளைக் கிண்ணங்களும், ஜிங்தெஜென் நகரத்தின் நீலச்சித்திரத் தட்டுகளும் ஒரே மண்ணில் கலந்து கிடந்தன. 14-ஆம் நூற்றாண்டில் கடற்பிரயாணம் செய்த வாங் தயுவான் என்ற சீனர் தம் நூலில் குறிப்பிடும் ஒரு துறைமுகம் இதுவே என்பது அறிஞர்களின் அபிப்பிராயம்.

மண்பாண்டம் நமக்குப் புதிதன்று. அப்படியிருக்க, இதை இவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்ததற்குக் காரணம் அதன் தயாரிப்பிலேயே இருக்கிறது. ‘கயோலின்’ என்னும் வெண்களிமண்ணோடு ஒருவகைக் கல்லை மாவாக இடித்துச் சேர்த்து, ஏறக்குறைய 1,300 பாகை வெப்பத்தில் வேகவைத்தால், மண் தன் சுபாவத்தை விட்டுக் கண்ணாடியின் சுபாவத்தை அடைந்து, நீரை உறிஞ்சாமலும், புளிப்புக்கும் உப்புக்கும் அசையாமலும், தட்டினால் மணிபோல் ஒலித்தும் நிற்கிறது. கடல்நீர் பட்டாலும் கெடாத சரக்கு ஆகையால், பிற்காலத்துக் கப்பல்களில் இதை அடித்தளத்தில் பாரமாக அடுக்கி, அதன்மேல் தேயிலையையும் பட்டையும் ஏற்றினார்கள்.

அப்படி ஏற்றிப்போன கப்பல்களுள் ஒன்று, விடுதலை பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த அமெரிக்காவினுடையது. ‘சீனச் சக்கரவர்த்தினி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்தக் கப்பல், ஜின்செங் என்னும் மூலிகை வேரை முக்கிய சரக்காகக் கொண்டு 1784 பிப்ரவரி 22-ல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பிச் சீனத்தின் காண்டன் துறைமுகம் சென்று, மறு வருஷம் மே மாதம் தேயிலையும் பீங்கானுமாகத் திரும்பி வந்தது. அதன்பின் அமெரிக்கர்கள் சித்திர மாதிரிகளை அனுப்பித் தங்கள் கழுகுச் சின்னத்தையும், சங்கங்களின் முத்திரைகளையும் காண்டன் ஓவியர்களைக் கொண்டு தீட்டுவித்துக்கொண்டார்கள்; தம்மோடு சேர்ந்து போரிட்ட அதிகாரிகளின் சங்கச் சின்னம் பொறித்த 302 உருப்படிகள் கொண்ட வரிசை ஒன்றை ஜார்ஜ் வாஷிங்டனே 1786-ல் வாங்கினார். கிழக்கிந்திய வியாபாரத்தில் வந்த பண்டம் என்பதனால், சீனத்தில் செய்த அப்பாத்திரங்களை அமெரிக்கர்கள் ‘இந்தியப் பீங்கான்’ என்றும் அழைத்தது ஒரு வேடிக்கை.

வாஷிங்டன் வாங்கிய தட்டுக்குக் கடிதமும் கணக்கும் இருக்கின்றன. பெரியபட்டினத்தில் பச்சைக் கிண்ணத்தை ஏந்தியவர் இன்னாரென்று சொல்ல ஓர் ஏடும் இல்லை. ஆயினும் ஒரு விஷயத்தில் இருவர் கதையும் ஒன்றே. அமெரிக்கர் கொடுத்த ஜின்செங் கஷாயமாகிக் கரைந்தது. நம்மவர் கடல்மேல் விற்ற மிளகு குழம்பாகவும், துணி கந்தலாகவும் மறைந்தன. கொடுத்தது மக்கிவிட, வாங்கியது மட்டும் உடைந்தும் மக்காமல் கிடப்பதால், நம் மண்ணைத் தோண்டிப் பார்ப்பவனுக்குச் சீனர் இங்கே வந்து விற்றார்கள் என்றும், நாம் கரையில் நின்று வாங்கிக்கொண்டோம் என்றும் மட்டுமே தோன்றக்கூடும்.

அது பாதிக் கதைதான். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றதை அந்நாட்டு வரலாற்றேடுகள் குறித்து வைத்திருக்கின்றன. பூஜியான் பீங்கான்கள் கப்பலேறிய சுவான்சௌ துறைமுகத்திலோ, அங்கே குடியிருந்த தமிழர் எழுப்பிய சிவன் கோயிலின் சிற்பங்களோடு 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்றும் கிடைத்திருக்கிறது. தமிழிலே தொடங்கும் அந்தச் சாசனம், கடைசி வரியில் சீன எழுத்தாக மாறி முடிகிறது.