பழைய வேலை, புதிய கோடிங், நடுவில் ஒரு கச்சி பிரியாணி

ஹைதராபாத் அமீர்பேட்டையில் மெட்ரோவை விட்டு இறங்கி மைத்ரிவனம் பக்கம் நடந்தால் கட்டடங்களின் நிறமே கண்ணில் படாது. ஜாவா, பைத்தான், டெவ்ஆப்ஸ், டேட்டா சயின்ஸ், சாப் என்று தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை கோச்சிங் சென்டர் பலகைகள்தான். 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டு ஹைடெக் சிட்டி வளர வளர, அதற்கு ஆள் தயாரிக்கும் பேட்டையாக இதுவும் வளர்ந்தது. வருகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரியை இப்போதுதான் முடித்தவர்கள். நடுநடுவே வங்கி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கிடங்கு என்று சில வருடம் உழைத்துவிட்டு வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் பரபரவென்று டைப் அடிப்பதைப் பார்த்து, “நம்மகிட்ட என்ன இருக்கு?” என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்பவர்கள் இவர்கள்தான்.

அந்தக் கேள்விக்கான விடை இந்த ஊர் அண்டாவிலேயே இருக்கிறது. பிரியாணியில் பக்கி என்று ஒரு வகை: இறைச்சியைத் தனியாகச் சமைத்துச் சோற்றோடு அடுக்குவது. ஹைதராபாத் பெயர் வாங்கியது கச்சியில். மசாலாவில் ஊறிய பச்சை இறைச்சி அடியில், அரைவேக்காட்டு அரிசி மேலே. மூடியைப் பிசைந்த மாவால் அடைத்து, இரண்டையும் ஒன்றாக வேக விடுவார்கள்.

இதில் அரிசிதான் கோர்ஸ். எல்லோருக்கும் ஒரே சிலபஸ், ஒரே பாசுமதி. அது இல்லாமல் பிரியாணி இல்லை; ஆனால் அரிசி வாங்கிய கடையை வைத்து யாரும் கைப்பக்குவத்தைப் புகழ்வதில்லை. இன்னொன்று, அரிசியைப் பாதி வெந்ததுமே வடித்துவிட வேண்டும். மீதி வேக்காடு இறைச்சியின் சாற்றில்தான் நடக்கும். ஜாவா முடித்து பைத்தான், பைத்தான் முடித்து கிளவுட் என்று சான்றிதழாகச் சேர்ப்பவர்கள் அரிசியைத் தண்ணீரிலேயே குழைய விடுகிறார்கள்.

இறைச்சி, உங்கள் பழைய வேலை. அதை அப்படியே போட்டால் விறைப்பாகத்தான் இருக்கும். “எட்டு வருடம் வங்கியில் இருந்தேன்” என்ற ஒரு வரியை எந்த இன்டர்வியூவிலும் மெல்ல முடியாது. சமையலில் இதற்குத் தயிரும் பப்பாளிக்காய் விழுதும். பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் என்ற நொதி, புரதத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டுதுண்டாக வெட்டும்; இறைச்சி இளகும். உங்கள் பதவிப் பெயரையும் அப்படித்தான் வெட்ட வேண்டும். ‘கேஷியர்’ என்பது பலம் ஆகாது. சாயங்காலம் கணக்கு இடிக்கும்போது எந்த வவுச்சரில் கோளாறு என்று பத்து நிமிடத்தில் மோந்து பிடிப்பீர்களே, அது பலம். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் நாள் முழுக்க நடப்பது அந்த வேலைதான். ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸுக்குப் புரியும்படி நாலு வரி எழுதிவைத்துப் பழகியவரை, இரவு பகலாகச் சர்வரைக் காக்கும் சப்போர்ட் குழு விடாது. கணக்கு எழுதியவர்கள் சாப் மென்பொருளின் நிதிக்கணக்குப் பிரிவான ஃபைகோவுக்கும், கிடங்கு பார்த்தவர்கள் சரக்குப் பிரிவான எம்எம்முக்கும் போவது அமீர்பேட்டையில் வழக்கமான பாதை. அங்கே டெபிட் கிரெடிட் தெரிந்தவருக்கு ஸ்கிரீனைச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஸ்கிரீன் மட்டும் தெரிந்தவருக்கு டெபிட் கிரெடிட்டைப் புகட்டுவது பெரும்பாடு.

பப்பாளி கூடினால் இறைச்சி கூழாகிவிடும் என்பதும் உண்மை. பலத்தை அளவுக்கு மீறி நறுக்கினாலும் அப்படித்தான். கேலப் நிறுவனத்தின் பலப் பட்டியலில் 34 தலைப்புகள். 2004-ல் உளவியலாளர்கள் பீட்டர்சனும் செலிக்மனும் தொகுத்ததில் 24. கேள்வித்தாளை நிரப்பினால் ‘பொறுப்பு’, ‘ஆர்வம்’ என்று அழகான சொற்கள் வரும். பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான். நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதை நம்பி ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வராது.

உண்மையான பலத்தை அறியத்தான் தம், அதாவது மூடியை அடைத்து வேக விடுவது. மூடியைத் திறக்க முடியாது. ஆவியையும் வாசனையையும் வைத்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். ஊகம் சரியா என்பது மூடி திறக்கும்போது தெரியும். மேலாண்மை அறிஞர் பீட்டர் ட்ரக்கர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொன்ன வழியும் இதுவே. ஒரு முக்கிய முடிவெடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதிவையுங்கள். 9 அல்லது 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள். சில மாதக் கோர்ஸில் அவ்வளவு பொறுமைக்கு இடமில்லை, வாரம் ஒருமுறை போதும். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கு முன்பும் எது சுலபம், எது இழுக்கும், எத்தனை மணி நேரம் என்று நோட்டில் குறித்து, முடிந்ததும் பாருங்கள். பயந்துகொண்டிருந்த எஸ்க்யூஎல், பேரேடு புரட்டிய கைக்குச் சட்டென்று வசப்பட்டிருக்கலாம். கணக்கில் புலி என்று நினைத்தவர் அல்காரிதத்தில் மூன்று நாள் முட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். எதிர்பார்த்ததைவிட எளிதாக முடிந்த இடங்களில்தான் பலம் இருக்கிறது. நண்பர்கள் எந்தச் சிக்கலுக்கு உங்கள் மேசைக்கு வருகிறார்கள் என்பதையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள்.

எல்லாம் கூட வராது. பழைய சம்பளமும் சீனியாரிட்டியும் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும். அதற்குத் தயாராகாமல் வருவது வீண்.

கடைசியாக ஒரு கசப்பு. போலி அனுபவச் சான்றிதழ் விற்கும் கும்பல்கள் இந்த நகரத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஐந்து வருடம் நிஜமாக வேலை பார்த்த ஒருவர், அதை ரெஸ்யூமிலிருந்து அழித்துவிட்டு, பார்க்காத மூன்று வருடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். நல்ல இறைச்சியைக் கொட்டிவிட்டு எசன்ஸ் ஊற்றுகிற வேலை இது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் போலி தெரிந்தால், சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தாலும் வேலை போகும். உங்கள் நிஜமான ஐந்து வருடத்தைச் சரிபார்க்கப் பழைய ஆபீஸுக்கு ஒரு போன் போதும்.