ஓரலையில் பல குரல்கள்

வானொலிப் பெட்டியின் முள்ளை ஓரிடத்தில் நிறுத்துவோர், அவ்விடம் ஒரு நிலையத்துக்கே உரியதென எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. நடுத்தர அலை எனப்படும் பரப்பு மிகக் குறுகியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது 540 முதல் 1700 கிலோஹேர்ட்ஸ் வரை, பத்துப் பத்தாக வகுக்கப்பட்டு 117 இடங்களைக் கொண்டுளது. இலங்கையுட்பட ஆசிய, ஐரோப்பிய, ஆபிரிக்க நாடுகளிலோ 1978 நவம்பர் முதல் ஒன்பது ஒன்பதாக வகுக்கப்பட்ட 120 இடங்கள் உள. அமெரிக்காவில் இவ்வகை நிலையங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டன. எனவே ஓரிடத்தைச் சராசரி முப்பதுக்கு மேற்பட்ட நிலையங்கள் பங்கிட்டே வாழவேண்டியிருக்கின்றது. அப்பங்கீடு எங்ஙனம் இயல்கின்றது, அதில் வென்றவர் யார், தோற்றவர் யார் என்பன ஆராயத் தக்கன.

முதலில் இரண்டு நிலையங்கள் ஓரலையிற் சந்திக்கும்போது நிகழ்வதை நோக்குவோம். ஒவ்வொரு நிலையமும் இடையறாத ஓர் அலையைப் பரப்புகின்றது; அதனைக் காவியலை எனலாம். பேச்சுக்கும் பாட்டுக்கும் ஏற்ப அதன் வீச்சம் கூடியும் குறைந்தும் வருவதே இம்முறையின் சாரம். வாங்கும் கருவி மீடிறனை அறியுமேயன்றி, அலை எவருடையது என்பதை அறியாது. இரு காவியலைகள் ஒருங்கே வந்தால் அது இரண்டையும் கூட்டியே தரும். அவற்றின் மீடிறன்கள் செக்கனுக்கு ஆயிரம் அதிர்வால் வேறுபட்டால், அவ்வேறுபாடே ஒரு சீழ்க்கையொலியாய்க் காதைத் துளைக்கும். இரண்டு மூன்று அதிர்வே வேறுபடின், ஒலி அலைமோதுவது போல எழுந்தும் தாழ்ந்தும் நடுங்கும். காவியலைகள் முற்றும் ஒத்தாலும் நிகழ்ச்சிகள் வேறாயின், கோயில் வீதியில் இரு மேளங்கள் அருகருகே நின்று வெவ்வேறு இராகம் வாசித்தாற்போலாகும். மேளத்திலாயினும் வல்லவன் வாசிப்பு மற்றவனை அடக்கிவிடும். இங்கு வலிய நிலையம் மெலியதை முற்றாக அடக்குவதுமில்லை. அதனாலன்றோ அமெரிக்க விதி, விரும்பும் நிலையத்தின் வலுவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் மற்றையது வரலாகாது என வரையறுத்தது.

தூரத்தால் இவ்வல்லலைத் தீர்க்கலாமே எனின், பகலில் தீர்க்கலாம், இரவில் அரிது. பகலில் நிலத்தை ஒட்டிச் செல்லும் அலையே பயன் தருவது. வானை நோக்கிச் செல்வது அயன்மண்டலத்தின் கீழ்ப்படையில் உறிஞ்சப்படும். பொழுது சாய்ந்ததும் அக்கீழ்ப்படை மறைய, அலை மேற்படையிற் பட்டுத் தெறித்து ஆயிரம் மைலுக்கு அப்பாலும் வந்து வீழும். இப்படையின் உண்மையை ஏட்வேட் அப்பிள்டன் 1924 டிசம்பரில், போர்ன்மத் நகரிலிருந்து பரப்பிய அலையை ஒக்ஸ்போர்ட்டில் வாங்கி நிறுவினார். ஆக, பகலில் அயலவரல்லாதார் இரவில் அயலவராவர். வானொலிச் சட்டங்களில் அந்தி ஒரு சட்டச்சொல்லாக இடம்பெற்றமைக்குக் காரணம் இதுவே.

வரலாற்றை நோக்கின், தொடக்கத்தில் பங்கீடன்றி வேறெதுவும் இருக்கவில்லை. 1922இல் அமெரிக்கப் பொழுதுபோக்கு நிலையங்கள் அனைத்துக்கும் 360 மீற்றர் என்னும் ஒரே அலை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவில் நிலையங்கள் ஐந்நூறைத் தாண்டின. ஒரு நகரில் உள்ளோர் கூடியிருந்து, இன்ன நாள் இன்ன மணி எனத் தமக்குள் முறைவைத்துக் கொண்டனர். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பங்குக்கிணற்றில் முறைவைத்து இறைப்பதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. முறை தவறின் வழக்கு எழும் என்பதும் புதிதன்று.

வழக்கு எழவே செய்தது. சிக்காகோவிலிருந்த செனித் கம்பனியின் நிலையத்துக்குக் கிழமைக்கு இரண்டே மணி நேரம், அதுவும் வியாழன் இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை, டென்வர் நிலையம் அந்நேரத்தை வேண்டாவிடில் மட்டுமே, வழங்கப்பட்டது. இதனாற் சினந்த கம்பனி கனடாவுக்கு ஒதுக்கப்பட்ட அலையொன்றில் ஏறிக்கொண்டது. 1926 ஏப்ரிலில் நீதிமன்று, அலையையும் நேரத்தையும் வரையறுக்க வணிக அமைச்சுக்கு அதிகாரமில்லை எனத் தீர்த்தது. அதிகாரம் போனதும் ஒழுங்கும் போயிற்று. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய இருநூறு புதிய நிலையங்கள் தோன்றின. பலவும் விரும்பிய அலைக்குத் தாவின. மாலை வேளையிற் சீழ்க்கையும் இரைச்சலுமே கேட்டன. எவர்க்கும் உரியதானது எவர்க்கும் பயன்படாதாயிற்று. 1927 பெப்ரவரி 23இல் வானொலிச் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின் வழி அமைந்த ஆணைக்குழு 1928 நவம்பர் 11 முதல் அலைகளைத் தரம்பிரித்தது. சில அலைகளில் இரவு முழுவதும் ஒரே வலிய நிலையம். சிலவற்றிற் பிரதேச நிலையங்கள். ஏனையவற்றில் ஊர் நிலையங்கள் பல. இங்குதான் நியாயம் பற்றிய வினா எழுகின்றது. கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்திய நிலையங்களுட் பல, வணிக நிலையமொன்றோடு நேரம் பகிருமாறு அல்லது பகலில் மட்டும் ஒலிக்குமாறு விதிக்கப்பட்டன. பகலெல்லாம் வயலிலும் ஆலையிலும் உழைப்போர்க்கு மாலையே கற்கும் வேளை; அம்மாலை அவற்றுக்குக் கிட்டவில்லை. விசாரணைச் செலவும் கருவிச் செலவும் தாங்காது பல நிலையங்கள் உரிமத்தைப் பங்காளிக்கே கொடுத்துவிட்டு ஓய்ந்தன. பங்கீடு என்ற பெயரில் ஒருவன் பங்கு படிப்படியாகக் கரைந்தமை விதியின் குறையென்றே சொல்லவேண்டும்.

வலியார் இருவர் பகிர்ந்தபோதோ காட்சி வேறு. ரெக்சாசில் முப்பது மைல் இடைவெளியிலுள்ள டலஸ், போர்ட் வேர்த் ஆகிய நகரங்களின் நிலையங்கள் இரண்டும் செய்தித்தாட் கம்பனிகளால் 1922இல் தொடங்கப்பட்டவை. அவை 1929 முதல் 800 கிலோஹேர்ட்ஸையும், 1941 முதல் 820ஐயும் பகிர்ந்தன. 1947க்குப் பின் 570உம் பொதுவாயிற்று: ஒன்று 820இல் ஐம்பதினாயிரம் உவாற்று வலுவோடு ஒலிக்கும்போது, மற்றையது 570இல் ஐயாயிரம் உவாற்றோடு ஒலிக்கும், குறித்த நேரத்தில் இடம் மாறும். போர்ட் வேர்த் நிலையம் தன் முறை வந்ததென அறிவிக்கப் பசுவின் கழுத்துமணியை ஒலித்தது. நாடோறும் தம் நேயர்களைப் போட்டியாளனிடம் ஒப்படைத்துவிட்டு நகரும் இவ்விசித்திர ஏற்பாடு 1970 மே 1இல் ஒழிந்தது. 820 போர்ட் வேர்த்துக்கும் 570 டலசுக்கும் உரியனவாயின.

நேரத்தைப் பங்கிடாது திசையைப் பங்கிடும் வழி 1932இல் தெளிவாயிற்று. புளோரிடாவின் டாம்பாக் குடாவை அடுத்த இரு நிலையங்கள் 620 கிலோஹேர்ட்ஸில் நேரம் பகிர்ந்து ஒலித்தன. அவற்றின் அலை வடக்கே மிலுவோக்கி நிலையத்தைக் குலைத்தது. றேமண்ட் வில்மொற் என்னும் பொறியியலாளர் ஒரு கோபுரத்துக்குப் பதில் இரண்டை அமைத்தார். இரண்டிலிருந்தும் புறப்படும் அலைகள் மிலுவோக்கித் திசையில் ஒன்றையொன்று அழிக்கவும், வேண்டிய திசையில் வலுப்பெறவும் இடைவெளியையும் மின்னோட்டத்தையும் பொருத்தினார். தலையீடு என்னும் தீங்கே இங்கு தீங்குக்கு மருந்தாயிற்று. பின்னர் இரவில் மட்டும் திசைமாற்றும் கோபுர வரிசைகள் அந்நாடெங்கும் எழுந்தன.

பகிர்வோர் ஒரே நிகழ்ச்சியைப் பரப்புவாராயின் இன்னொரு வழியும் உண்டு. 1939 செப்டெம்பரிற் போர் மூண்டதும் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் உள்நாட்டுச் சேவையை 668, 767 கிலோஹேர்ட்ஸ் ஆகிய இரண்டே அலைகளில், ஒவ்வொன்றிலும் பல பரப்பிகளை ஒத்தியங்கச் செய்து நடத்தியது. நோக்கம் சிக்கனமன்று. தனி அலையில் ஒலிக்கும் பரப்பி எதிரி விமானத்துக்கு வழிகாட்டும் விளக்காகும். பல பரப்பிகள் ஒரே அலையில் ஒலித்தால் திசைகாணும் கருவி குழம்பும். விமானம் நெருங்கின் அண்மைப் பரப்பி நிறுத்தப்படும்; நேயர் தொலைப் பரப்பியிலிருந்து மெலிதாகவேனும் கேட்பர். ஆயினும் இரு பரப்பிகளின் வலு சமமாகும் இடங்களில் ஒலி சிதையும். ஒரு வீட்டில் தெளிவாய்க் கேட்பது அடுத்த தெருவில் மங்கும்.

இவையனைத்தின் கலப்பையும் 770 கிலோஹேர்ட்ஸ் ஒன்றிலேயே காணலாம். அது நியூயோர்க்கின் வலிய நிலையமொன்றுக்குரியது. அல்புகேர்க்கி நகர நிலையம் 1941இல் தற்காலிகமாக என்று அங்கு அனுப்பப்பட்டது. அத்தற்காலிகத்தைப் பற்றிய வழக்கு பல பதிற்றாண்டுகள் நீண்டது. அதே அலையில் மினசோற்றாப் பல்கலைக்கழக நிலையமும், அயலூரான நோர்த்பீல்டின் செயின்ற் ஓலாப் கல்லூரி நிலையமும் பகல்வேளையைத் தமக்குள் பங்கிட்டு வந்தன. 1991இல் கல்லூரி அவ்வலையிலிருந்து விலக, பகல் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கே உரியதாயிற்று. அந்திக்குப் பின் அவ்வலையில் ஒலிக்கும் உரிமை அதற்கும் கிட்டவில்லை.