குமிழி சுமக்கும் அழுக்கு

சோடாப் புட்டியின் கோலியை அழுத்தியவுடன் குமிழிகள் திரண்டெழுவதை மாணவர்களாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவரை அவை எங்கே இருந்தன? அழுத்தத்தின் கீழ் நீரிற் கரைந்து கிடந்தன. அழுத்தம் மிகுந்தால் வாயு மிகுதியாகக் கரையும், குறைந்தால் வெளிப்படும். 1803-ஆம் ஆண்டில் வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்ட இவ்விதி, இன்று பல நகரங்களில் குடிநீரைத் தூய்மை செய்யப் பயன்படுகிறது.

மண் கலந்த நீரிற் படிகாரம் இட்டால் அழுக்குத் திரண்டு அடியிற் படியும். ஏரிநீரிற் பல்கும் பாசியோ மிக இலேசானது; திரண்டபின்னும் எளிதில் அமிழாது. அமிழ மறுப்பதை மிதக்கவிட்டு அகற்றுவதே காற்று மிதப்பு முறை. தூய்மை செய்த நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை எடுத்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு அழுத்தத்தில் அதனுள் காற்றைக் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியே தொட்டியினுள் விடுவர். நீர் பால்போல் வெளுக்கும். அவ்வெண்மை முழுவதும் 10 முதல் 100 மைக்ரான் வரை குறுக்களவுள்ள குமிழிகளே. அவை அழுக்குத் திரளைப் பற்றிக்கொண்டு மேலெழ, பாலாடைபோல் மிதப்பதை வழித்தெடுத்துவிடுகின்றனர். தெளிந்த நீர் அடிவழியே வெளியேறுகிறது. 2015-இல் நியூயார்க் நகரில் இயங்கத் தொடங்கிய குரோட்டன் நிலையம், நிலத்தடியில் அமைந்த இவ்வகைப் பெருநிலையமாகும்.

படியாத துகள் என்ன தீங்கு செய்துவிடும் என எண்ணவேண்டா. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சில மைக்ரான் அளவே உள்ள கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி வடிகட்டிகளையும் கடந்து குடிநீரிற் புகுந்தது. ஏறத்தாழ 4 லட்சம் மக்கள் நோயுற்றனர் என மதிப்பிட்டுள்ளனர். குளோரினுக்கும் எளிதில் அழியாத இவ்வுயிரியை, முறையாக இயங்கும் மிதப்புத் தொட்டி பெரும்பாலும் அகற்றிவிடும்.

இனி ஒரு சிறு கணக்கு; தாளும் எழுதுகோலும் எடுத்து நீங்களே போட்டுப் பார்ப்பது நலம். ஸ்டோக்ஸ் 1851-இல் வெளியிட்ட விதிப்படி, 20 பாகை வெப்பமுள்ள நீரில் 50 மைக்ரான் குமிழி மணிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் உயரும். தொட்டியில் நீரோ கீழ்நோக்கி இறங்குகிறது. அது மணிக்கு 5 மீட்டருக்கு மேல் இறங்கினால் குமிழியும் அதனோடு இழுத்துச் செல்லப்படவேண்டுமன்றோ? ஆயினும் மணிக்கு 20 மீட்டருக்கு மேலும் நீரைச் செலுத்தித் திறம்பட இயங்கும் தொட்டிகள் உள்ளன. கணக்கிற் பிழையில்லை. அது தனியொரு குமிழிக்கு உரியது. தொட்டியில் இருப்பதோ கோடானுகோடிக் குமிழிகளின் கூட்டம்.

இப்புதிரை ஆராயக் கணிப்பொறி துணை வந்தது. தொட்டியைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு, காற்று எவ்வளவு, அவை எத்திசையில் எவ்வேகத்திற் செல்கின்றன என்பதை அது கணக்கிடும். ஒரு கட்டத்தின் விடை அடுத்ததன் விடையை மாற்றுமாதலால், அனைத்தும் ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

நீரை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது கிடைத்த ஓட்டம் வேறு. காற்றையும் சேர்த்தபோது கிடைத்த ஓட்டம் வேறு! இத்தனைக்கும் குமிழிகளின் பருமன் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். அச்சிறு காற்றினால் இலேசான வெண்ணீர் மேலே ஒரு போர்வையாகத் தங்குகிறது. உள்வரும் நீர் மேற்பரப்பையொட்டி எதிர்ச்சுவர் வரை சென்று, அதன் கீழே மற்றோர் அடுக்காகத் திரும்பி வந்து, பின்னரே அமைதியாக இறங்குகிறது. ஒரே தொட்டி, மாடி மேல் மாடி வைத்தாற்போல், பல தொட்டிகளின் பரப்பைப் பெற்றுவிடுகிறது. குமிழிகள் கூடிப் பெரிதாவதும் துணைசெய்கிறது. இவ்வடுக்கோட்டத்தைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டையொட்டிச் சோதனைத் தொட்டியில் ஒலியலைக் கருவிகொண்டு நேரே அளந்தும் கண்டனர். அளந்து கண்டபின்னரே அக்கணக்கை நம்பலாயிற்று என்பது என் கருத்து.

உரலில் இட்டதுதானே மாவாகும்! குமிழியின் குறுக்களவு இரட்டித்தால் உயரும் வேகம் நான்மடங்காகும். நீர் 5 பாகைக்குக் குளிர்ந்தால், பாகுத்தன்மை மிகுந்து, அவ்வேகம் மூன்றில் இரு பங்காகக் குறையும். பாசித்திரளோ வடிவம் ஒழுங்கற்றது. உருண்டையெனக் கொண்டே பெரும்பாலும் கணக்கிடுகின்றனர். ஆதலின் பெருநிலையம் கட்டுமுன், சிறு சோதனைத் தொட்டி ஒன்றை நீர்நிலையருகே நிறுவி, கோடையிலும் குளிரிலும் இயக்கி, குமிழிகளைப் படமெடுத்து அளந்து, அவ்வெண்களைக் கணிப்பொறிக்கு அளிக்கின்றனர்.